கற்கண்டு மலையில் இறங்கிய பைலட்

எல்லாவற்றையும் எண்ணி வைக்கிற மனிதன் எதையும் தொலைக்கமாட்டான் என்று அறுபத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு மாசி மாதக் காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பத்து மூன்று பேர் முன்னிலையில் நொறுங்கியது. நொறுங்கிய துண்டுகள் பதினேழு. (ஆமாம், எண்ணினேன்.)

அன்றைக்கு என்ன நடந்தது என்று என் மனைவி கமலாவுக்குப் பாதி தெரியும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் மல்லிகாவுக்கு முக்கால் தெரியும். முழுவதையும் இப்போதுதான் சொல்கிறேன். நான்கு வருடம் ஆகிவிட்டது; சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் நலம், சாமியாகிவிட்ட ஒருவர் உட்பட.

தஞ்சாவூரில் பாசன அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் வரைவாளராக இருந்தவன் நான். மதகுகள், வாய்க்கால்களின் குறுக்குவெட்டுகள், கரை உயரங்கள், எல்லாம் என் கையால் வரைந்தவை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் வரைபடத்தின் தலைப்பை மட்டும் என்னை எழுதச் சொல்வார்கள். அந்த எழுத்தில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கூடவே வந்த வியாதி எண்ணுவது. வீட்டு மாடிப்படி பதினான்கு. காலையில் நான் போடும் மாத்திரை ஐந்து. விருந்தாளி சாப்பிட்ட இட்லியைக்கூட எண்ணுவேன். வாய்விட்டுச் சொல்வதில்லை, அந்த நாகரிகம் உண்டு.

ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினேன். வழக்கம்போல எண்ணிக்கொண்டே. பதினான்கு என்று சொல்லி, தரை என்று நினைத்துக் காலை வைத்தேன். அது பதிமூன்றாவது படி. வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்த அன்று பேனாவை எடுத்து என் பெயரை எழுதிப் பார்த்தேன். நாற்று நட்ட வயலில் நண்டு ஓடின தடம் மாதிரி இருந்தது.

மற்ற நாளாக இருந்தால் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் எங்கள் ஒரே மகள் பவித்ராவுக்கு மாசி கடைசியில் நிச்சயதார்த்தம். நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை என்று ஒன்று எழுதுவார்கள். இன்னாருடைய மகனுக்கு இன்னாருடைய மகளை, இன்ன நாள் இன்ன முகூர்த்தத்தில் மணம் முடிக்க இரு வீட்டாரும் பெரியோர்கள் முன்னிலையில் நிச்சயித்திருக்கிறோம் என்று சபையில் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சத்தமாக வாசித்து, இரண்டு அப்பாக்களும் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளும் தாள். இப்போது பலரும் அச்சடித்த தாளில் பெயரை மட்டும் நிரப்பிவிடுகிறார்கள். என் மகளுக்கு அதை நான் என் கையால் எழுதுவது என்று அவள் பிறந்த வருடமே முடிவு செய்திருந்தேன். இருபத்தொன்பது வருடம் காத்திருந்த எழுத்து. இப்போது பார்த்துக் கை நடுங்குகிறது.

பிசியோதெரபி பார்க்கிற பெண் சொன்னாள்: "விரலுக்கு நுணுக்கமா வேலை கொடுங்க சார். சின்னச் சின்னதா எடுக்கணும், வைக்கணும்." இதைக் கேட்ட கமலா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். மறுநாளிலிருந்து கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, மல்லிகைப் பூ கட்டுவது எல்லாம் என் சிகிச்சையில் சேர்ந்தன. ஒரு வாரத்தில் நான் கட்டிய பூ ஆறரை முழம். கை நடுக்கம் குறையவில்லை. கமலாவின் வேலை குறைந்தது.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளையாக வரப்போகிற இளங்கோ சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினார். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். பிள்ளை கப்பல் எஞ்சின் வேலை. ஓய்வு நேரத்தில் மாதிரி விமானங்கள் செய்கிறவர். பெட்டிக்குள் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானம் ஒன்று, துண்டு துண்டாக. பெயர் ஹரிக்கேன். நிஜ விமானத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. செய்து முடித்தால் இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.

"மாமா, இதைச் செய்ங்க, கை தன்னால வந்துரும். பறக்கிற மாதிரியே செஞ்சு தொங்கவிடுங்க, நிச்சயதார்த்தத்துக்கு வர்றப்ப பாக்கிறேன்" என்றார் போனில்.

கமலா பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்தாள். "அரிக்கேன் விளக்குக்கு றெக்கை வேற முளைச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாகங்கள் எல்லாம் கறிவேப்பிலைக் காம்பில் இலை மாதிரி பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்பது சட்டம், இருநூற்றுப் பன்னிரண்டு பாகம். முதல் நாள் எண்ணிப் பெட்டியின் மூடியில் பென்சிலால் எழுதினேன். பைலட் மட்டும் ஒரு சட்டத்திலிருந்து ஏற்கெனவே கழன்று பெட்டிக்குள் தனியாக உருண்டுகொண்டிருந்தார். அவரை எடுத்துப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. பைலட்டைக் காணோம்.

'பத்திரமான ஓர் இடம்' எது என்று எனக்கு நினைவில்லை. வைத்ததே நினைவில்லை என்பதுதான் உண்மை. ஆகவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் விசாரணை நடந்தது. குப்பைத் தொட்டியைச் செய்தித்தாளில் கொட்டிச் சலித்தேன். ஜன்னலுக்கு வருகிற அணிலைச் சந்தேகப்பட்டேன். மல்லிகாவிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவள் துடைப்பத்தை ஊன்றி நின்றுகொண்டு சொன்னாள்: "சார், அந்தப் பொம்மையை எடுத்துட்டுப் போயி நான் என்ன ஏரோப்ளேனா ஓட்டப் போறேன்? எங்க வீட்டு வாசல்ல சைக்கிள் நிறுத்தவே எடம் இல்ல."

கமலாவின் கருத்து வேறு. நான் காலையில் ஐந்து மாத்திரையோடு ஆறாவதாக அவரையும் விழுங்கியிருப்பேன் என்றாள். (நான்கு சென்டிமீட்டர் ஆள். இருந்தாலும் அன்று முழுவதும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.)

பவித்ரா சென்னையிலிருந்து போனில் ஒரு வழி சொன்னாள். "அப்பா, பைலட் இல்லாம மேல் மூடியை ஒட்டிருங்க. யாருக்குத் தெரியப் போகுது?" யாருக்குத் தெரியுமாம். தரையில் நிற்கிற விமானம் என்றால் பைலட் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லலாம். பறக்கிற விமானத்தில் ஆள் இல்லாவிட்டால் அதை யார் ஓட்டுகிறது? நிச்சயதார்த்தம் நடக்கிற வீட்டில் ஆளில்லாத விமானம் தலைக்கு மேலே தொங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? இந்த ஒரு கேள்வியிலேயே நான்கு நாள் தூக்கம் கெட்டது.

ஆனால் விமானம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, இடுக்கியால் தூக்கி, பசை தொட்டு வைக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு பாகத்தை வைக்க ஒன்பது தடவை முயல வேண்டியிருந்தது. பொங்கலுக்கு முன் அது நான்கானது. பறக்கும் நிலை என்பதால் சக்கரங்களை உள்ளே மடித்து மூடினேன். சுழல்கிற விசிறியின் இதழ்கள் கண்ணுக்குத் தெரியாதே என்று மூன்று இதழையும் வெட்டி எறிந்துவிட்டு, கமலாவின் பட்டுப்புடவைப் பெட்டியின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடியிலிருந்து வட்டமாக ஒரு தகடு நறுக்கி மூக்கில் வைத்தேன். (புடவைப் பெட்டி விவகாரம் தனிக் கதை. அதில் எனக்கு மதிப்பெண் குறைவு.) தினமும் வேலை முடித்ததும் ஒரு தாளில் லக்னப் பத்திரிகையின் பத்தொன்பது வரியை எழுதிப் பார்ப்பேன். ஏழாவது வரி வரும்போது கை சறுக்கும். அந்த வரியில்தான் பவித்ராவின் பெயர்.

தை பிறந்தது. பைலட் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. நாற்பது கிலோமீட்டருக்குள் மனித உருவத்தைக் கணக்கு மாறாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, சுவாமிமலையில்!

நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்த மாதிரி பைலட்டை வரைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்தபதிக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் போன், மறு கையில் மெழுகு. வெளிநாட்டுக் கோவில் ஒன்றுக்கு ஆளுயர நடராஜர் வேலை ஓடிக்கொண்டிருந்தது. என் படத்தை வாங்கிப் பார்த்தார். என் கை நடுக்கம் காகிதத்தில் அப்படியே இருந்தது. தோல் தொப்பியின் விளிம்பு நெளிநெளியாக, நெஞ்சில் போகும் வார்ப்பட்டை கயிறு மாதிரி.

"யாரு சார் இது?"

"பைலட். விமானம் ஓட்டுறவர்."

"மனுஷன்தானே? அப்ப அஷ்டதாலம்."

முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்துக்கொண்டு உடம்பு அப்படி எத்தனை மடங்கு என்று பிரிப்பதுதான் தாலமாம். தெய்வத்துக்குக் கூடுதல், மனிதனுக்கு எட்டு. அளவு வைத்துப் பேசுகிற ஒருவரைப் பார்த்த சந்தோஷத்தில் முக்கால் மணி நேரம் அவர் வேலையைக் கெடுத்தேன். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி கூடாது என்றார். முகத்தை மறைத்துவிட்டுக் கண்ணைத் திறந்து என்ன பிரயோஜனம் என்பது அவர் வாதம். பீடம் இல்லாமல் உருவம் செய்கிற வழக்கம் இல்லை என்றார். சின்னதாக என்றேன். சின்னதாகவே தாமரை என்றார். நான் தலையாட்டினேன். எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று பதினாறு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பைலட் வந்தார். வெண்கலத்தில். தாமரைப் பீடத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். நெளிந்த விளிம்புள்ள தொப்பி, பார்க்கிற பார்வையில் கிரீடம். நெஞ்சின் வார்ப்பட்டை பூணூல் மாதிரி விழுந்திருந்தது. விமானத்தைத் திருப்புகிற கட்டையை வலது கையில் பிடித்திருந்தார்; அந்தக் கட்டையின் தலையில் ஒரு வளையம் வரைந்திருந்தேன். வார்ப்பில் வளையத்தின் ஓட்டை அடைபட்டு, நுனி கூராகி, இலை மாதிரி ஆகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் நான் வரைந்த பூட்ஸ் அச்சு அசலாக இருந்தது. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். இந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர் எந்த எதிரியைச் சுட்டிருக்க முடியும் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

எடை எழுபது கிராம். பிளாஸ்டிக் பைலட் மூன்று கிராம்கூட இருக்கமாட்டார். ஈர்ப்பு மையத்தை மறுபடி கணக்குப் போட்டு, மூக்கில் ஒரு நைலான் நூல், வாலில் ஒரு நூல் என்று கட்டினேன். ஒவ்வொரு நூலிலும் ஒரு கிலோ பொன்னி அரிசிப் பையைத் தொங்கவிட்டு ஒரு பகல் முழுக்க விட்டுப் பார்த்தேன். தாமரை உயரத்தால் மேல் மூடி மூடவில்லை, திறந்தே வைத்தேன். வெயில் காலம், பைலட்டுக்குக் காற்று வேண்டாமா?

தொங்கவிடும் முன் கமலா தட்டோடு வந்தாள். புது வண்டிக்குப் பூஜை போடாமல் எப்படி என்றாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். சக்கரம் உள்ளே மடங்கியிருக்கிறது, இது பறந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினேன். அப்படியானால் வாலில் பழத்தைக் கட்டட்டுமா என்று கேட்டாள். ஒரு எலுமிச்சை நாற்பது கிராம், மையம் கெட்டுவிடும் என்றேன். கடைசியில் சமாதானமாக பைலட்டின் நெற்றியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். அது அவருக்கு ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கூடத்தில் பழைய ஊஞ்சல் கொக்கியில் விமானம் ஏறியது. நான்கு அடி தள்ளி ஒரு மின்விசிறி. அதன் ரெகுலேட்டர் கெட்டு மூன்று வருடம். சுற்றினால் முழு வேகம்தான். எனவே அதன் சுவிட்சை அணைத்து, கை முறிவில் மிஞ்சிய பிளாஸ்திரியை மேலே ஒட்டினேன். ஒன்பது நாள் விமானம் அசையாமல் பறந்தது.

நிச்சயதார்த்தம் காலை பத்தரைக்கு. ஒன்பதே காலுக்கு, வேலையை விட்டதிலிருந்து தொடவே இல்லை என்று நான் நினைத்திருந்த என் வரைகருவிப் பெட்டியைப் பேனா எடுக்கத் திறந்தேன். கவராயம் இருக்க வேண்டிய நீல வெல்வெட் பள்ளத்தில், மல்லாந்து படுத்து, பைலட் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பைலட். நான் உலகத்திலேயே பத்திரம் என்று நினைக்கிற இடம் அதுதான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் நல்ல மனிதன் பெட்டியை மூடிவிட்டு வேட்டி மாற்றப் போயிருப்பான். நான் முக்காலியைப் போட்டு ஏறினேன். இளங்கோ பார்க்கும்போது சரியான பைலட்தான் இருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு, கத்தி நுனியால் வெண்கலக்காரரின் பசையைப் பெயர்த்தேன். அவர் அசைந்து கொடுத்தார். அதே நேரம் வாசலிலிருந்து கமலா: "ஏங்க, வேன் தெருமுனைக்கு வந்துருச்சு. நீங்க இன்னும் முக்காலி மேல என்ன பண்றீங்க?"

வெண்கலக்காரரை அப்படியே இருந்த இடத்தில் திரும்ப உட்கார வைத்தேன். பசை இல்லாமல். பிளாஸ்டிக்காரரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரிசைத் தட்டு இருபத்தொன்று. பழம், பூ, மஞ்சள், புடவை, கூம்பாகக் குவித்த கற்கண்டு, தோப்பிலிருந்து வந்த தேங்காய்கள் இரண்டு தட்டு நிறைய. இளங்கோவின் பெரிய அத்தை தைலம்மை அம்மாள் எழுபத்தேழு வயதில் அந்தக் குடும்பத்தின் தலைமைச் செயலகம். சகுனம், நாள், திசை எல்லாம் அவர் சொன்னால் முடிவு. தட்டுகளைக் கிழக்கு பார்த்து வைக்கச் சொன்னார். கிழக்கு என்பது விமானத்துக்கு நேர் கீழே. நான் தெற்கு பார்த்தும் வைக்கலாமே என்று மெதுவாக இழுத்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். கிழக்கிலேயே வைத்தார்கள்.

இளங்கோ நிமிர்ந்து விமானத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, உண்மையிலேயே பறக்குது" என்றார். மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. அந்த நேரத்தில் பவித்ராவின் கைப்பையிலிருந்து ஒரு தாளின் தலைப்பு எட்டிப் பார்த்தது. லக்னப் பத்திரிகை, பத்தொன்பது வரியும் கம்ப்யூட்டரில் அடித்து, அழகாக மடித்து. அப்பாவின் கை கைவிட்டால் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். அவள்மேல் கோபம் வரவில்லை. கைதான் இன்னும் கொஞ்சம் நடுங்கியது.

மணையைப் போட்டு, தாளை வைத்து, மஞ்சளைக் குழைத்தாயிற்று. பேனாவைத் திறக்கும்போது கரன்ட் போனது.

கரன்ட் போனால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவது என் பழக்கம். திரும்ப வரும்போது குபீரென்று வந்து எதையாவது எரித்துவிடும் என்ற பயம். பலகையில் ஒன்பது சுவிட்ச். என் மூக்குக் கண்ணாடி இன்னும் அலமாரி மேல்தான். எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினேன். எட்டு அணைந்தன. மாசி வியர்வையில் பிளாஸ்திரி என்றைக்கோ உரிந்து விழுந்திருந்த ஒன்பதாவது, ஏற்கெனவே அணைந்திருந்தது அல்லவா, அது இப்போது போடப்பட்டது. ஒன்பது என்று எண்ணி முடித்த திருப்தியோடு வந்து உட்கார்ந்தேன். பதிமூன்றாவது படியில் கற்காத பாடத்தை நான் இங்கேயும் கற்கவில்லை.

ஆறு நிமிடத்தில் கரன்ட் வந்தது. கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி சுற்றியது, முழு வேகத்தில்.

விமானம் முதலில் மெல்லத் தலையாட்டியது. பிறகு வட்டமடித்தது. "அட, சுத்துது பாருங்க" என்று யாரோ ரசித்தார்கள். இரண்டாவது வட்டத்தில் இறக்கை சாய்ந்தது. மூன்றாவது வட்டத்தில் பைலட் விமானத்தை விட்டு வெளியேறினார்.

பாராசூட் இல்லாமல் ஏழு அடி உயரத்திலிருந்து வந்த மனிதர், கனமான தாமரைப் பீடம் அடியில் இருந்த காரணத்தால், தலைகீழாகாமல் நேராக இறங்கி, கற்கண்டுக் குவியலின் உச்சியில் முழங்கால் வரை புதைந்து அமர்ந்தார். எழுபது கிராம் போன விமானம் மூக்கை நிமிர்த்தியது. வால் நூல் நழுவியது, பின்னாலேயே மூக்கு நூலும். மிச்சம் இருந்ததெல்லாம் பேராவூரணித் தேங்காய்களின் மேல் வந்து மோதியது. ஒரு இறக்கை தெறித்து என் மடியில் விழுந்தது.

ஏழு எண்ணும் வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை. பவித்ராவின் முகம் வெளுத்திருந்தது. பின்னால் ஒருவர், "நல்ல காரியத்துல இப்படி..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

தைலம்மை அத்தை குனிந்தார். கிரீடம், நெஞ்சில் நூல், நெற்றியில் குங்குமம், கையில் இலை மாதிரி நுனி, காலடியில் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. பைலட்டைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"எந்த ஊருல வார்த்தது சம்பந்தி?"

"சுவாமிமலைங்க."

"நீங்களே சொல்லிச் செஞ்சதா?"

"படம் வரைஞ்சு கொடுத்தேங்க."

"கண் தெறந்தாச்சா?"

"தெறந்தாச்சுங்க."

"எத்தனை நாளா மேல இருந்தாரு?"

"ஒம்பது நாளா மேலதாங்க இருந்தாரு."

நான்கு கேள்வி, நான்கு பதில், நான்கும் சத்தியம். ஐந்தாவதாக நான் "ஆனா அது வந்து" என்று தொடங்கியபோது கமலா என் கால் கட்டைவிரலை மிதித்தாள். அந்த மிதியை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது.

அத்தை பைலட்டைக் கற்கண்டின் மேல் திரும்ப உட்கார வைத்தார். "மலையில வந்து முருகனே எறங்கிட்டாரு. இதைவிட என்னடா சகுனம் வேணும்? சம்பந்தி, எழுதுங்க" என்றார். கூடம் முழுக்க ஒரே சத்தத்தில் மூச்சுவிட்டது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இளங்கோ மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் இருந்த ஒவ்வொரு பாகமும் தெரிந்தவர் அல்லவா.

பேனாவை எடுத்தேன். இதைவிட மோசமாக இனி எதுவும் ஆக முடியாது என்று தெரிந்த பிறகு வருகிற ஒரு நிதானம் இருக்கிறதே, அதை அன்றுதான் பார்த்தேன். எழுபத்தெட்டு நாள் இடுக்கி பிடித்த விரல்கள் பேனாவைப் பிடித்தன. ஆறு வரி ஒழுங்காகப் போனது. ஏழாவது வரியில் பவித்ராவின் பெயருக்கு வந்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சறுக்கவில்லை. பத்தொன்பதாவது வரி முடிந்து நிமிர்ந்தபோது பவித்ரா என் முன்னால் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தன் கைப்பையிலிருந்து அந்த அச்சடித்த தாளை எடுத்து விரித்து, பதினேழு துண்டையும் அதில் வைத்துப் பொட்டலம் கட்டினாள். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "எழுத்து நல்லாருக்குப்பா" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மல்லிகா வந்ததும், சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பைலட்டை எடுத்துக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவள் அவரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் தம்மாத்துண்டுக்கா சார் என்னை மூணு தரம் கேட்டீங்க?" என்றாள். நான் நான்கு தரம் மன்னிப்புக் கேட்டேன்; ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று.

வெண்கலக்காரர் வரிசைத் தட்டோடு பேராவூரணி போய்ச் சேர்ந்தார். அங்கே பூஜை அறையில் நடு வரிசையில் இடம். கிருத்திகைக்குக் கிருத்திகை பால், விசேஷ நாட்களில் பன்னீர். பவித்ரா கல்யாணமாகிப் போன புதிதில் தினமும் அந்தப் போர் விமானிக்குப் பூ வைத்துவிட்டு என்னைப் போனில் அழைத்துச் சிரிக்க முடியாமல் சிரிப்பாள். நானும் போகும்போதெல்லாம் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் ஒரு குற்ற உணர்ச்சி. பதினொரு தடவை தாங்கினேன். போன தை மாதம், பன்னிரண்டாவது தடவை, அத்தை தனியாக இருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"அத்தை, அந்தச் சாமியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

எண்பத்தொரு வயது அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பூட்ஸைப் பத்தியா சம்பந்தி?"

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கற்கண்டுலேர்ந்து தூக்கினப்பவே பாத்துட்டேன். முருகன் எந்தக் காலத்துல பூட்ஸ் போட்டாரு? அன்னைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. உங்க கையில பேனா ஆடிக்கிட்டு இருந்துச்சு. பின்னாடி ஒருத்தன் வாயைத் தொறந்துட்டான். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

"அப்புறம் ஏன் அத்தை இன்னமும் பால் ஊத்துறீங்க?"

"நாலு வருஷமா நம்ம வீட்டுப் பாலைக் குடிச்சிருக்காரு. இப்ப போயி நீ யாருன்னு கேக்க முடியுமா?" என்று சொல்லி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

விமானத்தை அந்த வருடமே ஒட்டிச் சரிசெய்து மறுபடி தொங்கவிட்டுவிட்டேன். ஒட்டிய தடம் தெரியும். விசிறி சுவிட்சுக்கு வயரையே துண்டித்தாயிற்று. பிளாஸ்டிக் பைலட் வரைகருவிப் பெட்டியின் வெல்வெட் பள்ளத்தில்தான் இன்னமும் படுத்திருக்கிறார். அவரை ஏற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலையில் இருந்தவர் இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அண்ணாந்து பார்த்து, ஓட்டுகிற ஆள் இல்லாமல் இது எப்படிப் பறக்கிறது என்று கேட்பார்கள். கமலா காபித் தம்ளரை நீட்டிக்கொண்டே சொல்வாள்:

"அவரு பேராவூரணியில சாமியா இருக்காருங்க. கிருத்திகைக்குப் போனா பாக்கலாம்."